நான் பந்தயம் கட்டுவதில்லை, காசைத்தான் வைத்திருக்கிறேன்

வெள்ளவத்தையிலிருந்து 26 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறேன். கடிதம் நீளமானது, ஆகவே சுருக்கமாகத் தருகிறேன்.

காலி வீதியை ஒட்டிய ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நான்கு மேசைகள் கொண்ட பூல் மண்டபம் இருக்கிறது. உரிமையாளர் இவருடைய தாய்மாமன். அவர் கனடாவில் இருக்கிறார். அனுமதிப்பத்திரம் அவருடைய பெயரில் உள்ளது. மாலை நான்கு மணியிலிருந்து மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் இவர். மேசைக்கு மணித்தியாலக் கட்டணம், குளிர்பானம், கச்சான் பொட்டலம் என்று நேர்மையான சின்ன வருமானம் வந்துகொண்டிருந்தது. ஒன்றரை வருடமாகக் கடைசி மேசையில் நைன்போல் பந்தயத்துக்கு ஆடப்படுகிறது. ஆட்டத்துக்கு 500 ரூபாயில் தொடங்கியது சில இரவுகளில் 10,000 வரை போகிறது. சச்சரவு வரக்கூடாது என்று இரு தரப்பினரும் ஆட்டத்துக்கு முன்பே பணத்தை இவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இவர் அதை லாச்சியில் வைத்து, ஒன்பதாம் பந்தை விழுத்தியவரிடம் கொடுக்கிறார். வென்றவர் தேத்தண்ணிக் காசு என்று இருநூறு ரூபாயை லாச்சியிலேயே விட்டுவிட்டுப் போகிறார். கடனுக்கு ஆடுபவர்களின் பெயரும் தொகையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் இவருடைய கையெழுத்தில் இருக்கின்றன.

போன மாதம் ஒரு பையன் ஒரே இரவில் 60,000 ரூபாய் தோற்றிருக்கிறான். கையில் காசில்லை. ஒரு காசோலையையும் கைத்தொலைபேசியையும் இவரிடம் வைத்துவிட்டுப் போனான். இரண்டு நாளில் அவனுடைய அண்ணன் வந்து, இரண்டையும் தராவிட்டால் பொலிஸில் முறைப்பாடு செய்வேன் என்று சத்தம் போட்டிருக்கிறார். வென்றவரோ காசோலையைத் தன்னிடம் தரச்சொல்லி ஆள் அனுப்புகிறார். இதற்கிடையில் சிவில் உடையில் ஒரு பொலிஸ்காரர் வந்து, மேசைக் காசு கொடுக்காமல் ஆடி, போகும்போது 'எங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவர் கத்தாரில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் வாதங்களை அடுக்கியிருக்கிறார். பூல் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமை. மண்டபத்துக்கு அனுமதி உண்டு. சந்திக்குச் சந்தி புக்கி திறந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'நான் இதுவரை ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்டியதில்லை, காசைத்தான் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன வழக்கு வரும்?' கொப்பியை எரித்துவிடலாமா என்றும் ஒரு கேள்வி.

தம்பி, உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீங்கள் ஆறுதலுக்காகப் பிடித்திருக்கும் அந்தக் கடைசி வாதம்தான் உங்களுக்கு அதிகக் கெடுதி செய்யக்கூடியது. அந்த மண்டபத்தில் ஆடுகிற எல்லோரையும் விட சட்டத்தின் முன் மோசமான இடத்தில் நிற்பவர் ஆடாத நீங்கள்தான்.

இலங்கையில் இதுபோன்ற வழக்குகள் பரம்பரை பரம்பரையாக 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடந்து வந்திருக்கின்றன. பெரும்பாலும் பூருவா என்ற சீட்டாட்டம், மற்றச் சீட்டு, சேவற்கட்டு வழக்குகள். அந்தச் சட்டம் இரண்டு வகை மனிதர்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒருவர் பணம் வைத்து ஆடுபவர். மற்றவர் அதற்கென இடத்தை வைத்திருப்பவர், நடத்துபவர், தெரிந்துகொண்டே அனுமதிப்பவர். முதலாமவருக்கு உள்ளதைவிட இரண்டாமவருக்கு உரிய தண்டனை கூடியது. நூற்றுமுப்பது வருடத்துக்கு முன் இதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது: ஆடுபவன் இன்றைக்கு வருவான், நாளைக்கு வராமல் போவான், விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, பணத்தைப் பத்திரப்படுத்தி, கணக்கெழுதுகிற ஒருவர் இருந்தால்தான் சூது ஓர் இடத்தில் குடியேறும். உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். அந்த நான்கையும் செய்வது யார்?

மாமா கனடாவில் இருப்பதும் உங்களைக் காப்பாற்றாது. அவரிடமிருந்து நியமனக் கடிதம் இல்லை, அவர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பொலிஸார் மாடிப்படி ஏறி வரும் நேரத்தில் அந்த இடத்தின் முகாமையாளர் யார் என்ற கேள்விக்கு, சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருக்கும் ஆளைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஒவ்வோர் ஞாயிற்றுக்கிழமையும் 'மேசை இவ்வளவு, மற்றது இவ்வளவு' என்று வாட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மற்றது' உங்கள் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது.

திறமை விளையாட்டு என்ற வாதம்

இதை நீங்கள் தமிழ்நாட்டுக் காணொலி ஒன்றில் கேட்டதாகச் சொல்கிறீர்கள். காணொலிக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பேசியது அவருடைய நாட்டுச் சட்டத்தைப் பற்றி. இந்தியாவின் 1867ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் வெறும் திறமையால் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு விலக்களிக்கிறது. அதன் வழியில்தான் அங்கே உச்ச நீதிமன்றம் 1968இல் ரம்மியையும் 1996இல் குதிரைப் பந்தயத்தையும் திறமைப் பக்கம் சேர்த்தது. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் அந்தத் தீர்ப்புகளுக்குக் கட்டுப்படுத்தும் வலு இல்லை. நமது கட்டளைச் சட்டம் கேட்கும் கேள்வியும் வேறு. பணயம் வைக்கப்பட்டதா? எங்கே வைக்கப்பட்டது? பொதுமக்கள் வந்துபோகக்கூடிய இடத்தில் பந்தயம் கட்டினாலோ பணயத்துக்கு ஆடினாலோ அது சட்டவிரோதச் சூது. ஆடியவர் எத்தனை கோணம் பார்த்து அடித்தார் என்பது அங்கே எழுவதில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். விளையாட்டின் மேல் எனக்கோ சட்டத்துக்கோ எந்தக் கோபமும் இல்லை. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற எம்.ஜே.எம். லாஃபிர் நம்மவர். பச்சைத் துணி விரித்த மேசையைப் பார்த்ததும் 'காவாலிகளின் இடம்' என்று முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கு நான் அவருடைய பெயரைத்தான் சொல்வது வழக்கம். உங்கள் மண்டபம் சட்டப்படியானது, மேசை சட்டப்படியானது, நைன்போல் ஆடுவதும் அப்படித்தான். லாச்சி மட்டும்தான் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது.

அனுமதிப்பத்திர வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. மாமாவிடம் இருக்கும் அனுமதி, அந்த முகவரியில் பூல் மண்டபம் நடத்துவதற்கு. பந்தயத்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றத்திடம் இல்லை. இல்லாததை அது உங்களுக்குத் தந்திருக்க முடியாது.

புக்கிகளைக் காட்டுகிறீர்கள். வெளிநாட்டுக் குதிரைப் பந்தயங்களுக்குப் பணம் வாங்கும் அந்தக் கடைகளும், கொழும்பின் கசினோக்களும் வேறு சட்டங்களின் கீழ் வருபவை. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் பந்தயம் பிடிப்போர் மீதும் சூதாட்டத் தொழில் நடத்துவோர் மீதும் அறவீட்டை விதித்தது. கசினோக்களுக்கு 2010இல் தனிச் சட்டம் வந்தது. அறவீடு வாங்குவதால் அரசு எல்லாச் சூதையும் ஆசீர்வதித்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வரி விதிப்பது வேறு, அனுமதி கொடுப்பது வேறு. 2025இல் நாடாளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு தனி அதிகாரசபையை உருவாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய கட்டளைச் சட்டங்கள் இருந்த இடத்தில் ஒரே சட்டம், ஒரே அதிகாரசபை என்பது அதன் நோக்கம். அந்தச் சட்டமும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் சூதாட்டத் தொழில் நடத்த இடம் கொடுக்கவில்லை. ஆகவே நாளைக்கு உங்கள் கையில் ஒரு குற்றப்பத்திரம் வந்தால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் திகதிச் சம்பவம் என்று முதலில் பாருங்கள். உங்கள் சட்டத்தரணியும் அதைத்தான் முதலில் பார்ப்பார். எந்தச் சட்டமானாலும், பின்மேசையில் பணம் வைத்து ஆடுவதற்கு ஒரு பூல் மண்டபம் நியாயமாகப் பெறக்கூடிய அனுமதி எதுவும் இல்லை என்ற நிலையில் மாற்றமில்லை.

தோற்றவர் மேசைக் காசு கொடுப்பது

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனாலும் இதைத் தொடுகிறேன், ஏனென்றால் பந்தயத்தை நிறுத்தும் முதல் நாளே உங்கள் வாடிக்கையாளர்கள் இதைக் கேட்பார்கள். தோற்றவர் மேசைக் கட்டணத்தைக் கட்டுவது, வென்றவருக்கு ஒரு கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பது, இவையும் குற்றமா? கடுமையாக வாசித்தால், தோல்வியின் பேரில் ஒருவர் மடியிலிருந்து காசு போகிறது, ஆகவே பணயம் என்று ஒரு சட்டத்தரணி வாதிடலாம். இருவருக்கும் சேவை தந்த மண்டபத்துக்குக் கட்டணம் போகிறது, வென்றவர் ஒரு சதமும் பெறவில்லை என்று இன்னொருவர் வாதிடலாம். என்னிடம் வந்தால் நான் இரண்டாவதைத்தான் வாதிடுவேன், சங்கடமில்லாமல். ஆனாலும் அதை மண்டபத்தின் விதியாகச் சுவரில் எழுதி ஒட்டாதீர்கள். மேசைக் கட்டணத்தை இருவரிடமும் பாதி பாதியாக வாங்கிக்கொள்ளுங்கள். கீழே போய் யார் யாருக்குக் கொத்து வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பது உங்களுடைய விஷயமல்ல.

போட்டி நடத்தினால் என்ன என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை, ஆனால் பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் கவனமாக இருங்கள். பதினாறு பேரிடம் தலைக்கு 2,000 வாங்கி, அதையே திரட்டி வென்றவரிடம் கொடுத்தால், லாச்சியின் வேலையைத்தான் வேறு பெயரில் செய்கிறீர்கள். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கிண்ணமோ பரிசோ தந்து, நுழைவுக் கட்டணம் மேசைச் செலவுக்கு மட்டும் போனால் நிலைமை வேறு. எதையும் செய்யுமுன் அந்தத் திட்டத்தை ஒரு சட்டத்தரணியிடம் தாளில் காட்டுங்கள்.

காசோலையும் கைத்தொலைபேசியும்

இங்கே இரண்டு பேர் உங்களை இழுக்கிறார்கள். இருவருக்கும் ஒரே பதில்தான். இரண்டும் யாருடையவையோ அவரிடமே திரும்பிப் போகவேண்டும். இந்த வாரமே.

நம் நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில் பந்தயக் கடனை வழக்குப் போட்டு அறவிட முடியாது. வென்றவர் எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அந்த 60,000 ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்கமாட்டார். அவருக்கும் இது தெரிந்திருக்கும். அதனால்தான் காசோலையைக் கேட்கிறார். காசோலை கைக்கு வந்து, வங்கியில் போடப்பட்டு, பணமில்லை என்று திரும்பினால் பேச்சு வேறாகிவிடும். கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவதை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பந்தயக் காசோலை என்ற எதிர்வாதம் அந்தப் பையனுக்கு இருக்கும்தான். ஆனால் அதைச் சொல்ல அவன் நீதிமன்றப் படியேற வேண்டும், சொல்லும்போது உங்கள் மண்டபத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். அந்தக் காசோலையை வென்றவரிடம் நீட்டினால் மூன்று பேரை வழக்குக்குள் தள்ளுகிறீர்கள். அதில் ஒருவர் நீங்கள்.

கைத்தொலைபேசி இதைவிட மோசம். சூதுக் கடனுக்காக ஒருவருடைய பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்டபோது கொடுக்க மறுத்தீர்கள் என்று அண்ணன் முறைப்பாடு எழுதினால், பொலிஸ் புத்தகத்தில் அது எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். அவர் சத்தம் போட்டது உங்களுக்குக் கோபமூட்டியிருக்கிறது. என் தம்பி என்றால் நானும் சத்தம்தான் போட்டிருப்பேன். பையனை நேரில் அழையுங்கள், அண்ணனோடு வந்தாலும் பரவாயில்லை. இரண்டையும் கொடுத்து, 'இன்ன இலக்கக் காசோலையையும் இன்ன கைத்தொலைபேசியையும் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு தாளில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். எதற்காகக் கொடுக்கப்பட்டது, எவ்வளவு தோற்றான் என்ற கதை அந்தத் தாளில் வேண்டாம்.

வென்றவர் ஆள் அனுப்புவது தொடர்ந்தால், அடிப்பேன், கடையை உடைப்பேன் என்ற பேச்சு வந்தால், அது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமுறையான பயமுறுத்தல். சூதில் சம்பந்தப்பட்டவன் எப்படிப் பொலிஸுக்குப் போவது என்று தயங்குவீர்கள். தயக்கம் நியாயமானது. சட்டத்தரணி ஒருவரோடு போங்கள். மிரட்டல் வந்த இலக்கம், நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை இப்போதே குறித்து வையுங்கள்.

கொப்பியை எரிக்கலாமா?

எரிக்காதீர்கள். நடந்த குற்றம் ஒன்றின் சாட்சியத்தை மறைப்பதற்காக அழிப்பது தனியாக ஒரு குற்றம். தண்டப்பணத்தோடு முடியக்கூடிய விஷயத்தை ஏன் நீங்களே பெரிதாக்க வேண்டும்? தவிர, கொப்பியில் பெயருள்ள இருபது பேருக்கும் அப்படியொரு கொப்பி இருந்தது தெரியும். அது சாம்பலான கதையும் அடுத்த நாளே தெரிந்துவிடும்.

இன்றிரவு முதல் அதில் ஒரு வரியும் எழுதாதீர்கள். எழுதியதைத் திருத்தாதீர்கள், பக்கம் கிழிக்காதீர்கள். நீங்கள் அமர்த்தும் சட்டத்தரணியிடம் அது இருப்பதைச் சொல்லுங்கள். அவரிடம் நீங்கள் தொழில்முறையில் சொல்வதை அவர் வெளியிட முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. கொப்பியை என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும். இணையத்தில் கடிதத்துக்குப் பதில் எழுதும் நான் அதற்குச் சரியான ஆள் அல்ல.

இருநூறு ரூபாய் தேத்தண்ணிக் காசைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கடந்து போகிறீர்கள். நீதிமன்றம் கடந்து போகாது. பந்தயம் வைக்கும் இருவருக்கு இடையில் நம்பிக்கைக்காகப் பணம் பிடித்தவர் என்று உங்களைச் சொல்லிக்கொள்ள அரைகுறையாகவாவது இடமிருந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு தொகை லாச்சியில் தங்கும்போது, சூதிலிருந்து மண்டபம் உழைக்கிறது என்று அரசதரப்பு சொல்லும். நீங்கள் கேட்டு வாங்கவில்லை, அவர்களாகவே விட்டுப் போனார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஒன்றரை வருடம் ஒவ்வொரு இரவும் அவர்களாகவே விட்டுப் போனார்கள் என்று நீதவானிடம் சொல்லிப் பாருங்கள்.

பொலிஸார் வந்தால்

சிவில் உடையில் வந்தவரைப் பற்றி முதலில். அவருக்கு எதுவும் கொடுக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். இன்றைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் அடுத்த மாதம் மூவாயிரம் ஆகும் என்பது வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். மறுபடி வந்து வெளிப்படையாகக் கேட்டால், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் உங்கள் பின்மேசை ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த இலக்கத்தை அழுத்த உங்களுக்குக் கை வராது. அவருக்கும் அது தெரியும். அவர் இலவசமாக ஆடுவது அந்தத் தைரியத்தில்தான்.

முறையான சோதனை என்றால், வழக்கமாக நீதவானிடம் பெற்ற தேடுதல் ஆணையோடு வருவார்கள். அந்த ஆணையின் பேரில் நுழைந்து சூதுக்குரிய பொருட்களைக் கண்டுபிடித்தால், அது சூதாடும் இடம் என்றும் அங்கிருந்தவர்கள் அதற்காகவே வந்தவர்கள் என்றும் எடுகோள் கொள்ளச் சட்டம் இடம் கொடுத்து வந்திருக்கிறது. அதாவது, இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலைக்கு வந்துவிடும். ஆணை ஒழுங்காகப் பெறப்படவில்லை என்றால் இந்த எடுகோள் எழாது என்று வாதிட்டு வென்ற வழக்குகள் நம் பழைய தீர்ப்பறிக்கைகளில் பல உண்டு. அதனால் ஆணையைக் காட்டச்சொல்லி மரியாதையாகக் கேளுங்கள்; திகதியையும் முகவரியையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கதவை அடைக்கவோ, பின்படியால் ஆட்களை அனுப்பவோ வேண்டாம். பூல் மேசையும் கியூவும் எந்த மண்டபத்திலும் இருப்பவை, அவற்றால் மட்டும் பெரிய கதை வராது. லாச்சியில் இரண்டு கட்டாக மடித்து வைத்த நோட்டுகளும் கொப்பியும்தான் கதை சொல்பவை.

கைது செய்தால் காரணத்தைச் சொல்லவேண்டும். அது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. பிடியாணையின்றிக் கைது செய்தவரைப் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். பொலிஸ் பிணையில் விடக்கூடிய சந்தர்ப்பங்களும் உண்டு. பொலிஸ் நிலையத்தில் உங்கள் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும் வாய்ப்பு அதிகம். நீங்கள் சிங்களம் சரளமாகப் பேசுவீர்கள், ஆனால் வாசிக்கத் தடுமாறுவதாக எழுதியிருக்கிறீர்கள். பேசத் தெரிந்த தைரியத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது கொழும்புத் தமிழ் இளைஞர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் தவறு. எழுதியதை உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டச்சொல்லவும், அதில் திருத்தமோ விளக்கமோ சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்துக் காட்டும்வரை பேனையைத் தொடாதீர்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்யும் குற்ற ஒப்புதலை உங்களுக்கெதிராக வழக்கில் நிரூபிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் 'கொப்பி இன்ன இடத்தில் இருக்கிறது' என்று நீங்கள் சொல்லி, அங்கிருந்து அது எடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு உங்கள் வார்த்தை சாட்சியமாகலாம். சட்டத்தரணி வரும்வரை பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் போதும்.

கத்தார் விண்ணப்பம்

வழக்கு வந்துவிட்டால் நண்பர்கள் எல்லோரும் ஒரே புத்திமதி சொல்வார்கள்: 'குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வா, பத்து நிமிட வேலை.' கடைசி மேசையில் ஆடுகிற, வெளிநாடு போகும் எண்ணமில்லாத ஒருவருக்கு அது சரியாக இருக்கலாம். உங்களுக்கு அல்ல. தண்டப்பணம் சிறியதாக இருந்தாலும் அது ஒரு குற்றத் தீர்ப்பு. வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். சூதாட்ட இடம் நடத்தினார் என்று ஒரு வளைகுடா முதலாளி வாசிப்பதை யோசித்துப் பாருங்கள்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு பலருக்குத் தெரியாத ஒரு வாசல். குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டாலும், ஆளின் வயது, நடத்தை, முன்வரலாறு, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றத் தீர்ப்பளிக்காமலே விடுவிக்க நீதவானுக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. அது தானாகக் கிடைப்பதில்லை, கேட்டுப் பெறவேண்டும். கேட்பதற்குக் காரணம் காட்டவேண்டும். 26 வயது, முன்குற்றம் எதுவுமில்லை, சோதனை வருவதற்கு இன்ன மாதங்களுக்கு முன்பே பந்தயத்தை நிறுத்திவிட்டார், அறிவித்தல் ஒட்டினார், பிடித்து வைத்த பொருட்களைத் திருப்பிக் கொடுத்தார் என்று உங்கள் சட்டத்தரணி எழுந்து நின்று சொல்லக்கூடியதாக இருந்தால், அந்த வாசல் திறக்கும் வாய்ப்பு கூடுகிறது. பாடசாலைச் சீருடையோடு டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளும் பின்மேசையைச் சுற்றி நிற்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு விஷயம் அதே வாசலை அறைந்து சாத்திவிடும். 18 வயதுக்குக் குறைந்தவர்களை மாலை ஆறு மணிக்குப் பிறகு மேலே ஏற்றாதீர்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், புதுக்கடை நீதிமன்றத் தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காக 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தமிழில் பேசலாம். வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆலோசனைக்கும் போகலாம்.

மாமாவிடம் பேசுவதைத்தான் நீங்கள் அதிகம் ஒத்திப்போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் படிக்க வைத்தவர், அம்மாவின் ஒரே தம்பி, எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. தொலைபேசியில் சொன்னால் 'ஊரில் எல்லாரும் ஆடுறதுதானே' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். எழுத்தில் அனுப்புங்கள், மின்னஞ்சலாக. பந்தயம் நடக்கிறது, அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, இன்ன திகதியிலிருந்து நான் பணம் பிடிக்கமாட்டேன், பின்மேசையில் பணத்துக்கு ஆடுபவர்களை வெளியேற்றுவேன் என்று நான்கு வரி. பந்தயக்காரர்கள் போனால் வருமானம் குறையும் என்று அவர் எழுதினால், அந்த மின்னஞ்சலையும் பத்திரமாக வைத்திருங்கள். தொடர்ந்து நடத்தத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், சாவியை அவர் சொல்லும் ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள். அம்மாவிடம் அதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுவது நல்லது. மாமா கனடாவிலிருந்து முந்திக்கொள்வார்.